பழைய டெஸ்க்டாப்பில் பிராசசர் சூடேறுகிறதா? பேஸ்ட் டியூபைத் திறப்பதற்கு முன் பாருங்கள்

பத்து வருடம் ஓடிய டெஸ்க்டாப் மந்தமாகி, தொட்டால் சுடுகிறது என்று எடுத்துக்கொண்டு போனால், கடையில் முதலில் வரும் பதில் "பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், மாத்திடலாம்" என்பதுதான். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டுக் கட்டுக்கும் நடுவே தடவும் பசைதான் இந்த பேஸ்ட். பல சமயம் கோளாறு பேஸ்ட்டில் இருப்பதில்லை. பேஸ்ட் மாற்றுவதற்காக ஹீட் சிங்க்கைக் கழற்றி மறுபடி மாட்டும்போது, அதை மதர்போர்டில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் சரியாக உட்காராத ஒன்று உட்கார்ந்துவிடும், அல்லது அடியில் அடைத்திருந்த தூசி வெளியே வந்துவிடும். சூடு இறங்கியதற்குப் பேர் மட்டும் பேஸ்ட்டுக்குப் போகும். காரணம் தெரியாமல் கை வைத்த சிஸ்டம் இரண்டு மாதத்தில் மறுபடி அதே சூட்டுடன் வந்து நிற்கும். அதனால் கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது முக்கியம். எத்தனை டிகிரி என்பதோடு, சூடு எப்படி ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு பிராசசரை எடுத்துக்கொள்கிறேன்: இன்டெல் கோர் ஐ5 3470. 2012இல் வந்தது, நான்கு கோர், 77 வாட், அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவில் 3.6. டிடிபி சென்டர்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள், வீடுகள் என்று இன்னும் நிறைய இடங்களில் இதுவும் இதன் கூடப்பிறந்தவைகளும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐ3 2100, ஐ5 4460 வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். எல்ஜிஏ 1155, 1156, 1150, 1151, 1200 ஆகிய சாக்கெட்டுகள் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடங்கள்) எல்லாவற்றிலும் கூலர், அதாவது ஃபேனோடு சேர்ந்த ஹீட் சிங்க், மாட்டும் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் 75 மி.மீ.தான். மாட்டும் முறையும் ஒன்றே.

முதலில் அளவு. பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருள், இரண்டில் ஒன்று போதும். லினக்ஸ் என்றால் டெர்மினலில் சென்சார்ஸ் கட்டளை. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) தெரியும் டிகிரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பயாஸ் திரையில் இருக்கும்போது பிராசசர் ஓய்வு நிலைக்குப் போவதில்லை, அதனால் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட அங்கே பத்துப் பதினைந்து டிகிரி கூடவே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து கழற்ற ஆரம்பிப்பவர்கள் உண்டு.

சிஸ்டத்தை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், சாதாரணச் சுவர் தெர்மாமீட்டர் போதும். இது ஏன் தேவை என்றால், காற்றால் குளிர்விக்கும் கூலர் பிராசசரை ஒருபோதும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் உண்மையான மார்க். முழு வேலையில் அறையைவிட 42 டிகிரி கூடப் போகும் கூலர், 24 டிகிரி ஏசி அறையில் 66 காட்டும். அதே கூலர் அக்னி நட்சத்திரத்தில் 35 டிகிரி அறையில் 77 காட்டும். கூலரில் எந்த மாற்றமும் இல்லை. மார்கழியில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் நேரடியாக ஒப்பிட்டு "சூடு கூடிடுச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்து முழு வேலை கொடுங்கள். சிபியு-ஸெட் மென்பொருளில் பெஞ்ச் என்ற பக்கத்தில் ஸ்ட்ரெஸ் பொத்தான் இருக்கிறது, அது போதும். பிரைம்95 போன்ற சோதனை மென்பொருள்கள் நிஜ வேலையில் வராத சூட்டை உண்டாக்கும். பழைய மதர்போர்டை அவ்வளவு வதைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். பொத்தானை அழுத்திய மூன்று நான்கு விநாடியில் 45இலிருந்து 90க்குத் தாவினால், பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தொடுதல் சரியில்லை. கூலரின் பின் ஏதாவது தளர்ந்திருக்கும், அல்லது பேஸ்ட் உண்மையிலேயே காய்ந்திருக்கும். முதலில் 65 வரை வந்து, அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 90ஐத் தொட்டால், தொடுதல் நன்றாக இருக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்று போதவில்லை. தூசி, ஃபேன், கேபினெட், இந்த மூன்றில் ஒன்று.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை. சூடு உச்சத்தில் இருக்கும்போது ஹீட் சிங்க்கின் ஓரத்தை விரலால் தொடுங்கள், ஃபேன் இறக்கையில் விரல் படாமல். திரையில் 90 காட்டும்போது அலுமினியம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், சூடு பிராசசரைவிட்டு மேலே ஏறவே இல்லை. கை வைக்க முடியாத அளவு கொதித்தால், சூடு ஏறிவிட்டது, காற்றுதான் அதை அள்ளிக்கொண்டு போகவில்லை. இந்த இரண்டு சோதனையும் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால் அதில் தவறு வருவது அபூர்வம்.

சும்மா இருக்கும்போதே 70 காட்டினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், திறந்தே கிடக்கும் பிரவுசர் டேப் ஒன்று, இவற்றில் ஏதோ ஒன்று பிராசசரை 60 சதவீதத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து, யாருக்கோ டிஜிட்டல் காசு சம்பாதிக்க உங்கள் பிராசசரை ஓட்டும் கிரிப்டோ மைனர்களும் அப்படித்தான். அவற்றில் சில டாஸ்க் மேனேஜரைத் திறந்ததுமே வேலையை நிறுத்திக்கொள்ளும். ஆகவே டாஸ்க் மேனேஜர் மூடியிருக்கும்போது கோர் டெம்ப் காட்டும் லோடு சதவீதத்தையும் பாருங்கள்.

தானாக அணைவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் தலைமுறை இன்டெல் பிராசசர் எல்லையைத் தொட்டால் உடனே அணையாது. 3470க்கு அந்த எல்லை 105 டிகிரி. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3.6 கிகாஹெர்ட்ஸ் 1.6 வரைக்கும் இறங்கும். அதனால்தான் சூடேறும் சிஸ்டம் முதலில் மந்தமாகிறது. குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் கடைசியாக அணையும். எந்த மந்தமும் இல்லாமல் 65 டிகிரியில் பட்டென்று அணைந்தால் குற்றவாளி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அல்லது மதர்போர்டில் பிராசசரை ஒட்டியிருக்கும் மின்சாரப் பகுதி. உச்சி உப்பிய கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியும். சிஸ்டத்தில் நடந்தவற்றைப் பதிவு செய்யும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வருவது, சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதை வைத்துச் சூடு என்று முடிவு கட்டக்கூடாது. கெர்னல் பிராசசர் பவர் 37 என்று பதிவாகியிருந்தால் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, அது சூடு பக்கம் வலுவான தடயம்.

சரி, திறக்கலாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு ஆன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், கெப்பாசிட்டர்களில் தங்கியிருப்பது இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

தூசி ஃபேனுக்கு மேலே இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், விரல் தடிமனுக்கு மெத்தென்று ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்து இறக்கைகளுக்கு இடையே பார்த்தால் தெரியும். ஃபேன் நன்றாகச் சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் கீழே இறங்காது. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி அலுவலகங்களில் பஞ்சுத் தூசியால் இது மிகச் சீக்கிரம் வரும். ஊதுபத்தி, கொசுவர்த்தி, சமையல் எண்ணெய்ப் புகை படும் வீடுகளில் தூசி பிசுபிசுப்பாகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதைக் காற்றடித்து எடுக்க முடியாது. ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

காற்றடிப்பதற்கு எலக்ட்ரிக் ப்ளோயர் நல்லது. அடிக்கும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தன் வரம்பைத் தாண்டிச் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். பங்க்சர் கடைக் கம்ப்ரஸருக்கு எடுத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளியும் எண்ணெயும் கலந்து வரும், வேகமும் மிக அதிகம். வீட்டு வாக்யூம் கிளீனரின் பிளாஸ்டிக் முனை நிலை மின்சாரத்தை உண்டாக்கும் என்பதால் அதையும் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இனி இந்த வேலையிலேயே முக்கியமான இடம், அந்த நான்கு பின்கள்.

இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு கால்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்புத் தொப்பி, அதில் ஒரு பள்ளமும் அம்புக்குறியும். கீழே வெள்ளை பிளாஸ்டிக் கால், இரண்டாகப் பிளந்தது. வேலை செய்யும் விதம் இதுதான்: பிளந்த வெள்ளைக் கால் மதர்போர்டின் துளைக்குள் நுழைகிறது, அதன் நடுவே கறுப்பு ஊசி இறங்கி இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் இறுகி, தளர்ந்து, ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் போதும். மீதி மூன்றும் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கேபினெட் நின்றுகொண்டிருப்பதால் ஹீட் சிங்க்கின் எடை எப்போதும் மேல் இரண்டு பின்களை வெளியே இழுக்கிறது, எனவே முதலில் அவற்றைச் சந்தேகப்படுங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு மூலையையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒன்று ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது.

கழற்ற, அம்பு காட்டும் பக்கம், அதாவது கடிகாரத்துக்கு எதிராக, கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். நான்கு தொப்பியையும் முதலில் பழைய நிலைக்கு, கடிகாரத் திசையில் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, கறுப்பு ஊசியை மேலே இழுத்துவிட்டு, அதன் பிறகே அழுத்த வேண்டும். கழற்றிய நிலையிலேயே வைத்து அழுத்தினால் உள்ளே போனது போலத் தெரியும், பூட்டிக்கொள்ளாது. ஒரு மூலையை அழுத்தியதும் அதற்கு நேர் குறுக்கே உள்ள மூலையை அழுத்துங்கள், பிறகு மீதி இரண்டு. ஒவ்வொன்றிலும் "டக்" என்று சத்தம் வர வேண்டும். போர்டு கொஞ்சம் வளையும், பயப்பட வேண்டாம், ஆனால் அடியில் தாங்கல் இல்லாமல் மொத்த எடையையும் போட்டு அழுத்தாதீர்கள். முடிந்தால் மதர்போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து மாட்டுவது நல்லது. மாட்டியதும் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: நான்கு துளைகளிலும் வெள்ளைக் கால்களின் இரண்டு பிளவும் முழுதாக வெளியே வந்து, நடுவில் கறுப்பு முனை தெரிய வேண்டும். ஒரு பிளவு மடங்கித் துளைக்கு மேலேயே நின்றிருந்தால் அந்த மூலை பூட்டவில்லை. வெள்ளைக் கால் உடைந்திருந்தால் பின் செட் மட்டும் தனியாகவே கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். நூலால் கட்டுவது, ஃபெவிக்விக் போடுவது எல்லாம் வேண்டாம்.

கூலரைக் கையில் எடுத்ததும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நடுவில் வட்டமாகச் செம்பு தெரிகிறதா, அல்லது முழுக்க வெள்ளையாக அலுமினியமா? செகண்ட் ஹேண்டில் வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டங்களில் ஐ3க்கு வந்த அலுமினியக் கூலரை ஐ5இன் மேல் மாட்டி வைத்திருப்பது சாதாரணம். 77 வாட்டுக்கு அது கோடையில் தாங்காது. செம்பு நடு உள்ள ஸ்டாக் கூலரை (இன்டெல் பெட்டியோடு வருவது) பழையதாக வாங்கி மாட்டினாலே போதும்.

பேஸ்ட்டுக்கு வருவோம். பழையதை முழுதாகத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதைத் தடவுவதைவிட மோசமான வேலை இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் நனைத்துத் துடைத்தால் நூல் பிசிறு ஒட்டாது. பெட்ரோலும் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது. துடைக்கும்போது பிராசசரை சாக்கெட்டில் இருந்தபடியே விட்டுவிடுங்கள். எல்ஜிஏ சாக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தால் போர்டே போய்விடும்.

பேஸ்ட்டின் வேலை, இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை விரட்டி அந்த இடத்தை நிரப்புவது மட்டும்தான். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பேஸ்ட் ஒரு தடை. அதனால் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்து, கூலரை நேராக இறக்கி, அழுத்தத்தால் அது தானே பரவ விடுங்கள். அழுத்தும்போது சற்று இடம் வலமாக நெளிக்கலாம், தூக்கித் தூக்கி வைக்கக்கூடாது, காற்றுக் குமிழி உள்ளே போய்விடும். வெள்ளை நிற சிலிகான் டியூப் மலிவு, ஆனால் சீக்கிரம் காய்ந்து பொடியாகும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, டீப்கூல் இசட்5 தரத்தில் ஏதாவது ஒன்றை வாங்குங்கள், 4 கிராம் டியூப் பல தடவைக்கு வரும். லிக்விட் மெட்டல் என்று விற்பதை இந்தக் கூலர்களில் போடவே கூடாது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், மின்சாரமும் கடத்தும். டூத்பேஸ்ட் இரண்டு நாள் வேலை செய்வது போலக் காட்டிவிட்டு, தண்ணீர் வற்றியதும் கைவிட்டுவிடும்.

3470ஐப் பற்றி ஒரு குறிப்பு. இதற்கு முந்தைய சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களில் சிலிக்கானையும் மேல் மூடியையும் ஈயப்பற்று போல உலோகத்தாலேயே இணைத்திருந்தார்கள். 3470இன் தலைமுறையான ஐவி பிரிட்ஜில் அங்கேயும் பேஸ்ட்தான் வைத்தார்கள். ஆகவே எல்லாம் சரியாக இருந்தாலும் சாண்டி பிரிட்ஜ் வகை ஐ5 2400ஐவிட இது சில டிகிரி கூடவே காட்டலாம். மூடியைப் பிளந்து உள் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு பிளேடை எடுக்காதீர்கள், 77 வாட் பிராசசருக்கு அது தேவையில்லாத ஆபத்து.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட்டுகளில் ஊசிகள் பிராசசரிலேயே இருக்கின்றன, காய்ந்த பேஸ்ட் அதைக் கூலரோடு ஒட்டிவிடும். நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே பிராசசர் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடு ஆறுவதற்குள் அணைத்துப் பிடுங்கி, கொக்கியைத் தளர்த்தி, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகிப் பிடிவிட்டதும் எடுங்கள். எஃப்எக்ஸ் வரிசைக்கு இன்டெலின் 105 கணக்கு செல்லாது, அவற்றின் எல்லை 60க்கும் 70க்கும் பக்கத்திலேயே முடிகிறது. சும்மா இருக்கும்போது அறையைவிடக் குறைவான டிகிரி காட்டினால் அது அந்தச் சென்சாரின் இயல்பு.

ஃபேனை விரலால் சுண்டினால் சில சுற்றாவது தடையில்லாமல் சுற்ற வேண்டும். உடனே நின்றாலோ, ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வந்து பிறகு அடங்கினாலோ பேரிங் எண்ணெய் வற்றிவிட்டது. ஸ்டிக்கரைக் கிழித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் ஓடும். அதை நம்பிவிட வேண்டாம், ஃபேனை மாற்றிவிடுங்கள். வயர் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு பின் இணைப்பில்தான் போக வேண்டும். சிஸ்டம் ஃபேன் இணைப்பில் மாட்டினால் பிராசசர் சூட்டுக்கு ஏற்ப வேகம் கூடாமல் போகலாம், ஆன் செய்யும்போது சிபியு ஃபேன் எரர் என்றும் எஃப்1 அழுத்தச் சொல்லியும் நிற்கும். சில இடங்களில் அந்த எச்சரிக்கையை பயாஸில் அணைத்துவிட்டு சிஸ்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பயாஸுக்குள் போய் சிபியு ஃபேன் வேகத்துக்கு நேரே "இக்னோர்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபேன் செத்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கேபினெட்டைச் சோதிக்க எளிய வழி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே ஸ்ட்ரெஸ் சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓட்டுவது. ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் கேபினெட்டில் பிரச்சினை இல்லை. ஏழெட்டு டிகிரி இறங்கினால் உள்ளே சூடான காற்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் டேபிளில் மூன்று பக்கமும் மூடிய அறைக்குள் தள்ளி வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடி விட்டு வையுங்கள். பின்னால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதானால், ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். தகட்டை நிரந்தரமாகத் திறந்தே வைப்பது நல்ல யோசனை இல்லை, பல்லியும் கரப்பானும் மதர்போர்டுக்குள் போய்விடும்.

டவர் வகைப் பெரிய கூலர் வாங்க நினைப்பவர்கள் உயரத்தைப் பாருங்கள். பலவும் 155 முதல் 160 மி.மீ. உயரம், பழைய ஒல்லியான கேபினெட்டில் மூடி மூடாது. இன்னொன்று, ஸ்டாக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி அடிப்பதால் பிராசசரைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியும் குளிர்கிறது. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுவதால், மலிவான பழைய போர்டில் அந்தப் பகுதி முன்னைவிடச் சூடாகலாம். 77 வாட் பிராசசருக்கு நல்ல நிலையில் உள்ள செம்பு நடு ஸ்டாக் கூலரே போதும் என்பது என் கருத்து.

எல்லாம் செய்தும் மே மாதத்தில் 85ஐத் தாண்டினால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், 3470 அதிகபட்சம் 3.2இல் ஓடும். வேகத்தோடு வோல்டேஜும் இறங்குவதால், இழக்கும் வேகத்தைவிடக் குறையும் சூடு அதிகம். டைப்பிங், டேலி, பிரவுசர் வேலைகளில் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி மழை பிடித்ததும் திரும்ப 100 ஆக்கிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் முதலில் செய்த அதே சோதனையைச் செய்து, அறையின் சூடு, சும்மா இருக்கும்போது, பதினைந்து நிமிட முழு வேலையில் என்று மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். 32 டிகிரி அறையில் சும்மா இருக்கும்போது 40 முதல் 45, முழு வேலையில் 70 முதல் 76 வந்தால் 3470 நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது அறைக்கு மேலான வித்தியாசம் ஐந்து டிகிரிக்கு மேல் கூடியிருந்தால், பேஸ்ட்டைத் தொடாமல் மேல் இரண்டு பின்களை மறுபடி அழுத்திப் பாருங்கள்.